‘நல்லா சாப்பிடுங்க’ன்னு எழுதிக் கொடுத்தா போதுமா?

டிபி பற்றி ஒரு நீண்ட இழை. கொஞ்சம் கோபமாத்தான் இருக்கும். பொறுமை இருக்கிறவங்க கடைசி வரை படிங்க. பாதியில் நிறுத்தினா நான் சொல்லாததை எல்லாம் சொன்னதா நினைச்சுக்குவீங்க.

காசநோயாளி வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டில் மருந்தெல்லாம் எழுதி முடிச்சிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதுவோம். “சத்தான உணவு உண்ணவும்.” முட்டை, பால், பயறு, கீரைன்னு வாயாலும் சொல்லி அனுப்புவோம். ஆறு மாச மாத்திரை இலவசம். சளி பரிசோதனை இலவசம். எக்ஸ்ரே இலவசம். அந்தக் கடைசி வரி மட்டும் நோயாளியின் சொந்தப் பொறுப்பு.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த இழை.

டிபி மாத்திரையை எடை பார்த்துத்தான் கொடுக்கிறோம். 25 முதல் 34 கிலோ வரை இருந்தால் ஒரு நாளைக்கு 2 மாத்திரை. 35 முதல் 49 வரை 3. 50 முதல் 64 வரை 4. இது பெரியவங்களுக்கான அட்டவணை. குழந்தைகளுக்கு வேற இருக்கு. வளர்ந்த மனுஷனுக்கான அட்டவணை 25 கிலோவில் ஆரம்பிக்குதுன்னா என்ன அர்த்தம்? அந்த எடையில் ஆட்கள் வர்றாங்கன்னு அர்த்தம். வந்துகிட்டேதான் இருக்காங்க. எடை மெஷினில் ஏத்துறோம், எண்ணை எழுதுறோம், அதை வச்சு மருந்தின் அளவை முடிவு பண்றோம். அதே எண்ணை வச்சு சாப்பாட்டின் அளவை யாரும் முடிவு பண்றதில்லை.

“டாக்டர், இது வறுமைப் பிரச்சினை, மருத்துவப் பிரச்சினை இல்லையே”ன்னு கேட்பீங்க. என் துறையிலேயே நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. அவங்களுக்கு ஒரு ஆய்வைக் காட்டணும்.

ஆய்வின் பெயரே ‘ரேஷன்ஸ்’. மங்களூரு ஏனபோயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா தலைமையில், ஜார்கண்டின் 4 மாவட்டங்களில், 2019 ஆகஸ்ட்டில் ஆரம்பிச்சு 2022 ஜூலை வரை நடந்தது. நுரையீரல் டிபி உறுதியான 2,800 நோயாளிகள். அவங்க வீட்டில் கூட இருக்கிற 10,345 பேர். இதில் முக்கியமான ஆட்கள் நோயாளிகள் இல்லை, இந்தக் கூட இருக்கிறவங்கதான்.

நோயாளி எந்தக் குழுவில் இருந்தாலும் மாசம் 10 கிலோ உணவுப் பை: அரிசி, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். பசியில் இருக்கிற நோயாளிக்கு ஆய்வுக்காக சாப்பாட்டை மறுக்கக் கூடாதுன்னு அப்படி வச்சாங்க. சரியான முடிவு. வித்தியாசம் வீட்டாருக்குத்தான். ஒரு பக்கம் வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூட ஒரு விட்டமின் மாத்திரை. இன்னொரு பக்கம் வீட்டாருக்குக் கூடுதலா எதுவும் இல்லை. எந்த ஏரியாவுக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு பண்ணினாங்க. அப்புறம் யாருக்கெல்லாம் புதுசா டிபி வருதுன்னு காத்திருந்து பார்த்தாங்க.

உணவு கிடைச்ச வீடுகளில் புது டிபி 39 சதவீதம் குறைஞ்சது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தா 48 சதவீதம். அதாவது மத்தவங்களுக்குப் பரப்பக்கூடிய வகை கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது. 2023 ஆகஸ்ட்டில் லான்செட்டில் வந்தது.

அரிசியும் பருப்பும் செஞ்ச வேலைங்க இது.

இப்போ நானே என் கட்சிக்கு எதிரா பேசுறேன். 39 சதவீதம்னு சொன்னா பிரமாண்டமா இருக்கும். நேரடி எண்ணிக்கையைப் பாருங்க. உணவு கிடைக்காத பக்கம் நூறு பேரில் 2.6 பேருக்கு டிபி வந்தது. கிடைச்ச பக்கம் 1.7. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு டிபியைத் தடுக்க சுமார் 30 குடும்பங்களுக்கு, 111 பேருக்கு, சாப்பாடு கொடுக்கணும். 111 பேருக்கு ஆறு மாசம் கணக்குப் போட்டா 3,330 கிலோ அரிசி, ஒரு டன் பருப்பு. கடை விலையில் மூணு லட்சம் ரூபாய் பக்கத்தில் வந்து நிற்கும்.

“ஒரு டிபியைத் தடுக்க மூணு லட்சமா?” நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன்.

தடுப்பு மருந்து எதை எடுத்தாலும் இதே கணக்கு உண்டு. ஒருத்தரைக் காப்பாத்த ஐம்பது பேருக்கோ நூறு பேருக்கோ மருந்து கொடுப்போம். மீதிப் பேர் எந்தப் பலனும் இல்லாம மாத்திரையை முழுங்குவாங்க, சிலருக்கு வயித்தெரிச்சல், சிலருக்கு கல்லீரலில் கோளாறு. தடுப்பு சிகிச்சையில் அதைத் தவிர்க்க முடியாது, அதை ஏத்துக்கிட்டுத்தான் கொடுக்கிறோம். சாப்பாட்டில் அந்த மீதி 110 பேருக்கு என்ன ஆச்சு? சாப்பிட்டாங்க. வளர்ற பையன் ஆறு மாசம் பருப்பு சாப்பிட்டான். கர்ப்பிணி சாப்பிட்டாங்க. பாட்டி சாப்பிட்டாங்க. நான் படிச்ச மருந்தியலில் இப்படி ஒரு ‘பக்க விளைவு’ வேற எந்த மருந்துக்கும் கிடையாது.

தமிழ்நாட்டில் அந்த மூணு லட்சத்தில் பாதி ஏற்கெனவே செலவாகிக்கிட்டுத்தான் இருக்கு. 2011 முதல் ரேஷன் அரிசி இங்கே விலையில்லாமல் வருது. நம்மிடம் குறைவா இருக்கிறது பருப்பும் முட்டையும் எண்ணெயும்தான். அதைப் பின்னாடி சொல்றேன்.

ஆய்வில் இன்னும் ஓட்டைகள் உண்டு. யாருக்கு சாப்பாடு கிடைக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதை மறைக்கவே முடியாது. நடுவில் கொரோனா வந்தது. அந்த நேரத்தில் நாடு முழுக்க இலவச தானியம் கொடுத்தாங்க, ரெண்டு குழுவும் அதே ஜார்கண்டில்தான் இருந்தது. உணவுப் பை வராத வீட்டிலும் நோயாளியின் 10 கிலோ பை சமையலறைக்குள் போயிருக்கும், பிள்ளைகளும் அதில் பங்கு சாப்பிட்டிருக்கும். கடைசி ரெண்டும் வித்தியாசத்தைக் குறைச்சுக் காட்டக்கூடிய விஷயங்கள். அதையும் மீறி இந்த அளவு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு.

இப்போ பக்கத்தில் ஒரு தடுப்பூசியை வைக்கிறேன். எம்72 என்று ஒரு டிபி தடுப்பூசி. கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் சுமார் 3,500 பேரிடம் சோதிச்சாங்க. மூணு வருஷத்தில் ஊசி போட்டவங்களில் 13 பேருக்கு டிபி, போடாதவங்களில் 26 பேருக்கு. 50 சதவீதப் பாதுகாப்பு. உலகமே எழுந்து உட்கார்ந்தது. 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் கட்ட ஆய்வு ஆரம்பிச்சது. 20,000 பேர் வரை, பல நாடுகள், கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து ஒதுக்கிய பணம் சுமார் 55 கோடி டாலர். நம்ம ரூபாயில் நாலாயிரத்து ஐந்நூறு கோடி பக்கத்தில்.

தடுப்பூசி வேண்டாம்னு நான் சொன்னதா யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க. வரட்டும், சீக்கிரம் வரட்டும், முதல் ஆளா நான் கையை நீட்டுறேன். ஊசி பல வருஷம் காக்கலாம், சாப்பாடு நிறுத்தினால் நின்னு போகும். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுன்னு சொல்ற நண்பர்கள் சொல்றது சரிதான். என் கேள்வி வேற. 13க்கு 26 என்ற எண்ணிக்கையைப் பார்த்து இத்தனை ஆயிரம் கோடி நகரும்போது, பத்தாயிரம் பேரிடம் நிரூபிச்ச அரிசி பருப்புக்கு ஏன் ‘நன்கொடையாளர் யாராவது இருக்காங்களா’ன்னு தேடிக்கிட்டு இருக்கோம்?

பேட்டன்ட் எடுக்க முடியாது என்பது ஒரு காரணம். துவரம் பருப்புக்கு மெடிக்கல் ரெப் கிடையாது. பையைத் தூக்கிக்கிட்டு ஓபி வாசலில் யாரும் நிற்க மாட்டாங்க. ஆனா அது முழுக் காரணம் இல்லை. இன்னொரு காரணம் நம்ம ஊரிலேயே, சேத்துப்பட்டிலேயே இருக்கு.

மருந்துகள் வர்றதுக்கு முன்னாடி டிபிக்கு சிகிச்சை என்றாலே சானடோரியம். ஓய்வு, காற்று, சாப்பாடு. தாம்பரத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நிலைச்சிருக்கு. தினமும் அதைக் கடந்து போறவங்க எத்தனை பேருக்குக் காரணம் தெரியும்னு தெரியலை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, அப்புறம் பாஸ், அப்புறம் ஐசோனியசிட். அப்போ ஒரு பெரிய கேள்வி. இந்தியா மாதிரி நாட்டில் லட்சக்கணக்கான பேருக்கு சானடோரியம் படுக்கை எங்கே போறது? வீட்டிலேயே வச்சு மருந்து கொடுத்தா குணமாகுமா?

1956இல் சென்னையில் டிபி கீமோதெரபி சென்டர் ஆரம்பிச்சாங்க. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிச்சு பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க, பாதிப் பேரை வீட்டில் வச்சு ஒரு வருஷம் மருந்து கொடுத்தாங்க. சானடோரியத்தில் இருந்தவங்களுக்கு நல்ல சாப்பாடு, அவங்க எடையும் அதிகமா கூடுச்சு. வீட்டில் இருந்தவங்களுக்கு அதே பழைய கஞ்சி. 1959இல் முடிவு வந்தது. கிருமி போனதைப் பொறுத்தவரை ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட சமம்.

உலக டிபி சிகிச்சையையே புரட்டிப்போட்ட ஆய்வு இது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற விடுதலை நம்ம சென்னை கொடுத்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனா அந்த முடிவை எப்படிப் படிச்சோம்னு பாருங்க. ‘மருந்து ஒழுங்கா சாப்பிட்டா, சாப்பாடு மோசமா இருந்தாலும் கிருமி போகும்’ என்பது ஆய்வு சொன்னது. ‘சாப்பாடு முக்கியமில்லை’ என்பது நாம் எடுத்துக்கிட்டது. பசியில் இருக்கிற வீட்டாருக்கு சாப்பாடு கொடுத்தா அவங்களுக்கு நோய் வராம தடுக்க முடியுமா என்ற கேள்வியை அந்த ஆய்வு எடுத்துக்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ‘இல்லை’ன்னு பதில் எழுதிக்கிட்டோம். சானடோரியத்தோடு சேர்த்து சமையல்கட்டையும் மூடிட்டோம். அந்த சென்டர்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஜார்கண்டில் ரேஷன்ஸ் ஆய்வு நடந்தபோது அதில் பங்கெடுத்ததும் இதே சேத்துப்பட்டு நிறுவனம்தான். அறுபது வருஷம் கழிச்சு அதே இடத்திலிருந்து விட்டுப்போன கேள்விக்குப் பதில் வந்திருக்கு. அதுக்காவது காது கொடுக்கணுமா இல்லையா?

இன்னொரு விஷயம். அதே 1956இல்தான் காமராஜர் அரசு பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. பசிச்ச பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு புரிஞ்சுக்க இந்த மாநிலத்துக்கு ஒரு லான்செட் கட்டுரை தேவைப்படலை.

பசிக்கும் டிபிக்கும் என்ன சம்பந்தம்னு சுருக்கமா சொல்லிடறேன். நம்ம நாட்டில் பெரியவங்களில் சுமார் மூணில் ஒருத்தர் உடம்புக்குள் டிபி கிருமி தூங்கிக்கிட்டு இருக்கு. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும், எனக்கும் இருக்கலாம். வார்டில் வேலை பார்க்கிறவனுக்கு இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். பெரும்பாலானவங்களுக்கு அது வாழ்நாள் முழுக்க எழுந்திருக்காது. டி செல்கள் அதைச் சுத்தி ஒரு வேலி போட்டு வச்சிருக்கும். அந்த வேலிக்குத் தினமும் காவல் வேணும். காவலுக்குக் கூலி கலோரியும் புரதமும். கூலி கொடுக்கலைன்னா காவல்காரன் போயிடுவான். பிஎம்ஐ ஒரு புள்ளி கூடும்போது டிபி வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறையுதுன்னு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்காங்க. உலக அளவில் டிபிக்குத் தள்ளிவிடுற காரணங்களில் முதலிடம் எதுக்குன்னு நினைக்கிறீங்க? எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. ஊட்டச்சத்துக் குறைவு.

இது புதுசும் இல்லை. ரெண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிறை முகாம்களில் பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் இருந்தாங்க. அதே முகாம், அதே குளிர், அதே வேலை. பிரிட்டிஷ்காரங்களுக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் வந்துகிட்டு இருந்தது. போர் முடிஞ்சு பார்த்தப்போ ரஷ்யர்களிடம் டிபி பல மடங்கு அதிகம். யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத, நடத்தவும் கூடாத ஒரு பரிசோதனை.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். “ஜார்கண்ட் வேற, நம்ம ஊர் வேற டாக்டர். இங்கே யார் பட்டினி கிடக்கிறாங்க?” இந்தக் கமெண்ட் கட்டாயம் வரும், அதனால் இப்பவே எடுத்துக்கிறேன்.

உண்மைதான், சராசரியில் நாம் ஜார்கண்ட் இல்லை. இங்கே சர்க்கரையும் சாராயமும் டிபிக்குப் பெரிய கூட்டாளிகள். 39 சதவீதம் அப்படியே இங்கே கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா டிபி சராசரி மனுஷனுக்கு வர்றதில்லையே. செங்கல் சூளையில், கட்டட வேலையில், தனியா விடப்பட்ட முதியவரிடம், குடிச்சு சோறே மறந்துபோன ஆளிடம் வருது. எங்க வார்டில் நாற்பது வயசு ஆள், 160 சென்டிமீட்டர் உயரம், எடை 34 கிலோ. எலும்பின் மேல் தோல் போர்த்திய மாதிரி. அவர் மனைவியை அன்னைக்கே மெஷினில் ஏத்திப் பார்த்தோம், 36. அந்தம்மாவுக்கு நோய் இல்லை. இன்னும் வரலை, அவ்வளவுதான். சட்டப்படி அவங்க ‘நோயாளி’ கிடையாது, அதனால் எந்தத் திட்டத்திலும் நான் அவங்களுக்கு ஒரு முட்டைகூட எழுத முடியாது.

இந்த விஷயத்தில் நம்ம மாநிலம் ஒரு அருமையான வேலை செஞ்சிருக்கு, அதைச் சொல்லாம விட்டா பாவம். 2022 ஏப்ரலில் ஆரம்பிச்ச ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’. டிபி மரணங்களில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கி முதல் ரெண்டு மாசத்துக்குள் நடக்குது. அதனால் டிபி உறுதியானதுமே பெரிய மெஷின் எதுவும் இல்லாம சில விஷயங்களைப் பார்ப்போம். பிஎம்ஐ 14 அல்லது அதுக்குக் கீழா? 16க்குக் கீழே இருந்து கால் வீக்கமும் இருக்கா? மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேலா? ஆக்ஸிஜன் 94க்குக் கீழா? பிடிக்காம நிற்க முடியலையா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே அட்மிஷன் பக்கம் தள்ளணும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில நிமிஷத்தில் முடியும். இந்தியாவில் இதை மாநில அளவில் செஞ்ச முதல் ஆட்கள் நாம்தான்.

கவனிச்சீங்களா? முதல் கேள்வியே எடை. யார் சாகப்போறாங்கன்னு கண்டுபிடிக்க எக்ஸ்ரேவுக்கு முன்னாடி எடை மெஷினைத்தான் நம்புறோம். அப்போ சாப்பாடு மருத்துவ விஷயமா இல்லையான்னு இன்னும் விவாதம் எதுக்கு?

ரேஷன்ஸ் ஆய்வின் இன்னொரு பாதி இதையேதான் சொல்லுது. அந்த 2,800 நோயாளிகளில் ஐந்தில் நாலு பேர் எடைக் குறைவு, கிட்டத்தட்ட பாதிப் பேர் பிஎம்ஐ 16க்கும் கீழ். முதல் ரெண்டு மாசத்தில் எடை 5 சதவீதம் கூடினவங்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவா இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம்னா 2 கிலோ. இங்கே எல்லா நோயாளிக்கும் சாப்பாடு கொடுத்ததால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. தேறிக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் எடை ஏறுது என்றும் வாதாடலாம். வாதாடுங்க. ஆனா வார்டில் நின்னுகிட்டு வாதாடுங்க.

வார்டில் சேர்த்து, முட்டை, பால், சுண்டல்னு கொடுத்து, ஆளைத் தேத்தி ரெண்டு வாரத்தில் எழுந்து உட்கார வைப்போம். அப்புறம் டிஸ்சார்ஜ். எந்த அடுப்பிலிருந்து வந்தாரோ அதே அடுப்புக்கு. சீட்டில் “சத்தான உணவு உண்ணவும்.”

“அரசுதான் பணம் தருதே?” தருது. 2018 ஏப்ரல் முதல் மாசம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000. நல்ல விஷயம், இரட்டிப்பாக்கினது இன்னும் நல்ல விஷயம். நாளைக்கு 33 ரூபாய். அஞ்சு பேர் இருக்கிற வீட்டில், சம்பாதிக்கிற ஆள் படுத்துட்ட நேரத்தில், பேங்கில் விழுற ஆயிரம் ரூபாய் எங்கே போகும்? வாடகைக்கு, கடன்காரனுக்கு, ஸ்கூல் வேன் காசுக்கு. அதைத் தப்புன்னு சொல்ற தகுதி நம்மில் யாருக்கும் கிடையாது.

2024 அக்டோபரில் மத்திய அரசு இன்னும் ரெண்டு அறிவிப்பு கொடுத்தது. பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருக்கிற நோயாளிக்கு முதல் 2 மாசம் சத்துப் பொட்டலம். அப்புறம் வீட்டாருக்கும் உணவுப் பை. ஆய்வு எதைச் சொன்னதோ அதை ஒத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியைப் படிச்சேன். வீட்டாருக்கான பை ‘நிக்ஷய் மித்ரா’ மூலமா. அதாவது மனசு வச்சு முன்வர்ற தனியாரும் நிறுவனங்களும் கொடுக்கணும்.

கொடுக்கிறவங்க மேல் எனக்குக் கோபமே இல்லை. கையெடுத்துக் கும்பிடறேன். கோபம் அந்த ஏற்பாட்டின் மேல். ரிஃபாம்பிசினுக்கு ஸ்பான்சர் தேடுறோமா? “இந்த மாசம் எத்தாம்பியூட்டால் கொடுக்க வள்ளல் கிடைக்கலை, அடுத்த மாசம் பார்க்கலாம்”னு எந்த நோயாளியிடமாவது சொல்வோமா? மருந்துன்னு ஒத்துக்கிட்டா அது உரிமை, பட்ஜெட்டில் வரும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், தீர்ந்தா மேலதிகாரி கேட்பார். தானம்னு வச்சா போட்டோவில் வரும். மேடையில் பையை நீட்டுறவர் சிரிப்பார், வாங்குறவர் தலையைக் குனிஞ்சுக்குவார். அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் சுத்தும்போது, கல்யாண வயசில் பொண்ணு இருக்கிற வீட்டில் டிபின்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். அடுத்த மாசம் பை வாங்க வராம இருக்கிறவங்க இருக்காங்க. பசியை விட மானம் பெருசுன்னு நினைக்கிற ஊர் இது.

வேற வழி இருக்கா? இருக்குங்க. தெரு முனையில் இருக்கு. ரேஷன் கடை.

டிபி உறுதியான ஒவ்வொருத்தரும் நிக்ஷய் தளத்தில் பதிவாகிறாங்க. குடும்பத்தில் எத்தனை பேர்னு ஸ்மார்ட் கார்டில் இருக்கு. இது ரெண்டையும் கோர்த்து, ஆறு மாசத்துக்கு அந்தக் கார்டின் ஒதுக்கீட்டைத் தானா கூட்டணும். இப்போ கார்டுக்கு மாசம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குத் தர்றாங்க. நோயாளி தவிர நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆய்வில் கொடுத்த அளவுப்படி 6 கிலோ வேணும். அந்த வித்தியாசத்தைக் கொடுங்க, இலவசமா கொடுங்க. கூட எண்ணெய், முட்டை. பில்லில் நோயின் பெயர் வரக் கூடாது, எடை மட்டும் கூடணும். வரிசையில் பின்னாடி நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது. கல்யாண மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம்.

சத்துணவில் தினமும் முட்டை கொடுக்கிற, 2022 முதல் காலை உணவும் கொடுக்கிற மாநிலத்துக்கு இது மலையைத் தூக்குற வேலை இல்லை. கிடங்கு இருக்கு, லாரி இருக்கு, கடை இருக்கு, கணினிப் பதிவு இருக்கு.

“இலவசம் கொடுத்துக் கெடுக்காதீங்க” கோஷ்டிக்கு: வெயிட்டைக் கூட்டக் கஷ்டப்படுற 34 கிலோ ஆளை 6 கிலோ பருப்பு எப்படிக் கெடுக்கும்னு எனக்கு விளக்கினா நானும் கத்துக்குவேன். “வித்துடுவாங்க” கோஷ்டிக்கு: மாத்திரையையும்தான் சிலர் தூக்கிப் போடுறாங்க, அதுக்காக மாத்திரையை நிறுத்தினோமா? “நோயாளிக்குக் கொடுத்ததை வீடே பங்கு போட்டுக்கும்” கோஷ்டிக்கு: ஆமாம், பங்கு போட்டுக்கும். அம்மா தட்டில் இருக்கிறதைப் பிள்ளைக்குத் தள்ளுறதை எந்தச் சுற்றறிக்கையாலும் நிறுத்த முடியாது. அதனால்தான் வீட்டுக்கே கொடுங்கன்னு கேட்கிறோம்.

தடுப்பு மாத்திரை இருக்கேன்னு ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். இருக்கு. வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம். கண்டிப்பா சாப்பிடணும், வீட்டில் டிபி இருந்தா நீங்களே கேட்டு வாங்குங்க. ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும். வெறும் வயித்தில் மாத்திரையை மட்டும் போடச் சொல்லி, வாந்தி வந்து நிறுத்தினதும் “நோயாளி ஒத்துழைக்கவில்லை”ன்னு கேஸ் ஷீட்டில் எழுதுற பழக்கத்தை நாம் விட்டாகணும்.

2025க்குள் டிபியை ஒழிப்போம்னு 2018இல் டெல்லியில் அறிவிச்சாங்க. வருஷத்துக்கு உலகத்தின் டிபி நோயாளிகளில் நாலில் ஒரு பங்கு இன்னும் நம்மிடம்தான், மரணம் மூணு லட்சம் பக்கத்தில். கெடு போயிடுச்சு. அடுத்த கெடு என்னவோ, அதை எழுதும்போது பருப்பையும் சேர்த்து எழுதச் சொல்லி உங்க எம்எல்ஏகிட்ட, கவுன்சிலர்கிட்ட, தெரிஞ்ச அதிகாரிகிட்ட கேளுங்க. டாக்டர்கள் நாங்க கேட்டா கோப்பில் போகும். நீங்க கேட்டா ஓட்டில் போகும்.

கடைசியா, இன்பாக்ஸில் வரப்போற கேள்விக்கு இப்பவே பதில். டப்பாவில் வர்ற புரோட்டீன் பவுடர் டிபிக்கு வாங்கலாமா? வேண்டாம். ஒரு டப்பா ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் துவரம் பருப்பும் வாங்கி, வீட்டில் எல்லாரும் சாப்பிடுங்க. நோயாளிக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்காதீங்க, டிபி தட்டு வழியா பரவாது. மாசம் ஒரு தடவை எடை பாருங்க, நோயாளிக்கு மட்டும் இல்லை, வீட்டில் எல்லாருக்கும். யாருக்காவது எடை இறங்கிக்கிட்டே போனா, இருமல் இல்லைன்னாலும், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க.